கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்று பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் பெரும்பாலும் கார்டின் விலையை விசாரிக்கிறார்கள், மதர்போர்டில் பொருந்துமா என்று கேட்கிறார்கள். அதற்கு மின்சாரம் ஊட்டப்போகும் எஸ்எம்பிஎஸ் பற்றிய கேள்வி, விளையாட்டின் நடுவிலோ வீடியோ ரெண்டர் ஓடும்போதோ கணினி சட்டென்று அணைந்த பிறகுதான் எழுகிறது. வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கும், குடியாத்தம், ஆரணியில் திருமண வீடியோ எடிட்டிங் செய்வோருக்கும் கணினி சரிசெய்து தரும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளிலேயே பலருக்கு விடை கிடைத்துவிடும். அதன் பிறகு கணக்குப் போடும் வேலையே அவர்களுக்கு இருக்காது.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், காய்ந்த தூரிகை, டார்ச்சும் கேமராவும் உள்ள கைபேசி, குறித்துக்கொள்ள ஒரு தாள் ஆகியவை போதும். கடைசிப் படிக்கு மட்டும் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

உங்கள் பிராசசரின் முழுப் பெயரையும், வாங்க நினைக்கும் கார்டின் முழுப் பெயரையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். "3050" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டு 130 வாட்டும், 6 ஜிபி கார்டு 70 வாட்டும் கேட்கின்றன. முதலாவதற்குத் தனி மின் வயர் வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்பதை விண்டோஸ் அமைப்புகளிலோ ஏதேனும் மென்பொருளிலோ தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். சாதாரண எஸ்எம்பிஎஸ் தன் திறனைக் கணினிக்குத் தெரிவிப்பதில்லை. அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2. உங்களிடம் இருப்பது எந்த வகைக் கணினி என்று பிரித்தறியுங்கள்

இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த அலுவலகக் கணினிகளைக் குறைந்த விலையில் வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள் இப்போது நிறையப் பேர். டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற அந்த வகைக் கணினிகளில் எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் 240 முதல் 300 வாட் வரைதான் இருக்கும். கார்டுக்கான 6 பின், 8 பின் வயர்கள் பலவற்றில் இருப்பதே இல்லை.

அதை எடுத்துவிட்டுப் பெரியதை மாட்டிவிடலாம் என்பதும் அவ்வளவு எளிதன்று. ஆப்டிபிளெக்ஸ் 3020, 7020, 9020 ஆகியவற்றில் மதர்போர்டுக்குச் செல்லும் முதன்மைக் கனெக்டர் வழக்கமான 24 பின் அல்ல, 8 பின். சிறிய கேபினெட் வகைகளில் எஸ்எம்பிஎஸ்ஸின் உருவமும் வேறு; அங்கே உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். உங்களுடையது இந்த வகையென்றால், தனி வயர் கேட்காத 75 வாட்டுக்கு உட்பட்ட கார்டோடு நிறுத்திக்கொள்வதே என் ஆலோசனை. அதற்கும் கார்டின் உயரத்தைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கடையில் அசெம்பிள் செய்த வழக்கமான கேபினெட் என்றால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

3. லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள்

கணினியை ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிய பிறகு, கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். லேபிள் பல நேரங்களில் மறுபக்கத் தகட்டை ஒட்டியோ கீழ்நோக்கியோ இருக்கும். அப்படியானால் பின்புறமுள்ள நான்கு ஸ்க்ரூக்களை எடுத்து எஸ்எம்பிஎஸ்ஸை மெல்லச் சாய்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்; வயர்களைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் தகர உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள பெரிய கபாசிட்டரில் பிளக்கை உருவிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கும் அளவு.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கீழே உள்ள அட்டவணையில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டங்கள் இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. ஆகவே அந்தக் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதை 12ஆல் பெருக்குங்கள். வரும் விடைதான் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உண்மையான பலம்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு மாணவர் கொண்டு வந்த கணினியில் இதை நேரில் பார்க்கலாம். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ். லேபிளில் விரல் அகலத்துக்கு 450 என்று அச்சிட்டிருந்தது. தூசியைத் துடைத்துப் பார்த்தால் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர். 16ஐ 12ஆல் பெருக்கினால் 192 வாட். மீதமெல்லாம் இன்றைய கணினி அதிகம் தொடாத 3.3 வோல்ட், 5 வோல்ட் வரிசைகளில் எழுதப்பட்டவை. அவர் வாங்கி வந்திருந்தது 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060. கார்டு ஒன்றே ஏறத்தாழ முழுவதையும் எடுத்துக்கொண்டால் பிராசசருக்கு எங்கே போவது? தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அதே கட்டத்தில் 36 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 430 வாட்டை ஒட்டி இருக்கும். மேலே அச்சிட்ட எண் இரண்டிலும் ஒன்றே, பலம் பாதிக்கும் குறைவு.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு.

சில லேபிள்களில் 12வி1 என்றும் 12வி2 என்றும் இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 18 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் கூட்டி 36 ஆம்பியர், 432 வாட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவற்றுக்குக் கீழே இரு கட்டங்களையும் இணைத்து 300 வாட் என்பதுபோல ஒரு கூட்டு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்பே கணக்கில் எடுக்க வேண்டியது.

இரண்டாவது, மின்சாரத்தை வீணாக்காத திறனைக் காட்டும் 80 பிளஸ் முத்திரையைத் தவறாகப் புரிந்துகொள்வது. 550 வாட் எஸ்எம்பிஎஸ் 80 விழுக்காடு திறன் கொண்டது என்றால் 440 வாட்தான் தரும் என்று பலர் கழித்துக்கொள்கிறார்கள். லேபிளில் உள்ளது கணினிக்குக் கொடுக்கும் அளவு. திறன் விழுக்காடு சுவரிலிருந்து எவ்வளவு கூடுதலாக இழுக்கும் என்பதைச் சொல்கிறது. அந்த எண் யுபிஎஸ் கணக்கில்தான் தேவைப்படும்.

4. கணினி கேட்கும் மின்சாரத்தைக் கணக்கிடுங்கள்

மூன்று எண்களைக் கூட்டினால் போதும்: கார்டு, பிராசசர், மற்றவை.

கார்டின் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரக் குறிப்பிலிருந்து எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், ஆர்எக்ஸ் 6600க்கு 132, ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபிக்கு 170, ஆர்டிஎக்ஸ் 4070க்கு 200. ஓவர்கிளாக் செய்து, அதாவது வேகத்தைக் கூட்டி, விற்கப்படும் மாடல்கள் இதைவிடச் சற்றுக் கூடுதலாக எடுக்கும் என்பதால் அந்தக் குறிப்பிட்ட மாடலின் பக்கத்தையும் பாருங்கள்.

பிராசசரில்தான் பிழை அதிகம். பெட்டியின் மேல் 65 வாட் என்று இருப்பதையே எடுத்துக்கொள்கிறார்கள். அது அடிப்படை வேகத்துக்கான அளவு. இன்டெல் ஐ5-12400, வேலை கூடும்போது தானே எட்டும் டர்போ வேகத்தில் 117 வாட் வரையும், அதே 65 வாட் முத்திரையுள்ள ஐ7-12700 ஒன்று 180 வாட் வரையும் இழுக்கும். ஐ7-13700கே 253 வரை செல்லும். ஏஎம்டியில் 105 வாட் என்று சொல்லப்படும் ரைசன் 7 5800எக்ஸ் 142 வாட் வரை எடுத்துக்கொள்ளும். அதிகபட்ச எண் எதுவோ அதையே எழுதுங்கள்.

மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள், ஒரு ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றுக்கு மொத்தமாக 60 வாட் வைத்துக்கொள்ளலாம். எடிட்டிங் செய்வோர் மூன்று, நான்கு ஹார்ட் டிஸ்க்குகளை மாட்டியிருப்பார்கள். கணினி கிளம்பும் கணத்தில் அவை எல்லாம் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போது ஒவ்வொன்றும் 20 வாட்டுக்கு மேல் கேட்கும் என்பதால், கூடுதலான ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 20 சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி வரும் கூட்டுத்தொகை, மூன்றாம் படியில் கண்ட 12 வோல்ட் பலத்தில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு. மீதி 30 விழுக்காடு எதற்கு என்றால், கிராபிக்ஸ் கார்டு தன் சராசரி அளவிலேயே நிலையாக நிற்பதில்லை. மில்லி வினாடிக்கும் குறைவான நேரத்துக்கு அதைப் போல ஒன்றரை மடங்கும் அதற்கு மேலும் எகிறிவிட்டுத் திரும்பும். அந்த எகிறலை எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று ஆபத்து என்று எடுத்துக்கொண்டால் எல்லாவற்றையும் அணைத்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, மிகக் குறுகிய நேரத்துக்குத் தன் அளவைப் போல இரு மடங்கு வரை தாங்க வேண்டும் என்று எஸ்எம்பிஎஸ்களுக்கு நிபந்தனை வைத்ததே இதற்காகத்தான்.

ஒரு கணக்கு: ஐ5-12400, ஆர்டிஎக்ஸ் 3060, மற்றவை 60. மொத்தம் 347 வாட். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் பலம் 540. அதில் 347 என்பது 64 விழுக்காடு. தாராளமாகப் போடலாம். முன்பு சொன்ன 16 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

இன்னொன்று: அதே பிராசசரோடு ஆர்டிஎக்ஸ் 4060. மொத்தம் 292. இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியா பரிந்துரைக்கிறது. உங்களிடம் 36 ஆம்பியர் தரும் நல்ல நிலையிலுள்ள 450 வாட் இருந்தால், 432இல் 292 என்பது 68 விழுக்காடு. அதை மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பரிந்துரை எண், வாங்குபவரிடம் எந்தப் பிராசசர் இருக்கும், எவ்வளவு தரமான எஸ்எம்பிஎஸ் இருக்கும் என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படுவது. கூட்டு வரம்பு 300 வாட் என்று கண்ட அந்த இரட்டைக் கட்ட எஸ்எம்பிஎஸ்ஸில் இதே 292ஐ வைத்தால் 97 விழுக்காடு. அங்கே வேண்டாம்.

5. கனெக்டர்களை எண்ணுங்கள்

பலம் போதுமானதாக இருந்தும், சேர வேண்டிய வயர் இல்லையென்றால் பயனில்லை. ஸ்லாட் வழியாக 75 வாட் வரையும், 6 பின் கனெக்டர் வழியாக 75, 8 பின் வழியாக 150 வாட் வரையும் கார்டுக்குச் செல்ல வரையறை இடம் தருகிறது. உங்கள் கார்டு மாடலில் எத்தனை, எந்த வகை என்று பார்த்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வயர்களில் அத்தனை இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். கார்டுக்கானது வழக்கமாக 6+2 என்று பிரிந்து, பிசிஐ-இ என்று பொறிக்கப்பட்டிருக்கும்.

பிராசசருக்குச் செல்லும் 8 பின் கனெக்டர் 4+4 என்று பிரியும். பார்வைக்கு அதே போலத்தான் தெரியும். இரண்டிலும் 12 வோல்ட் பின்களும் கிரவுண்டு பின்களும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன. தவறான இடத்தில் நுழையாதபடி பின்களின் வடிவத்தை மாற்றி அமைத்திருந்தாலும், நுழையவில்லையே என்று அழுத்தித் திணிப்பவர்கள் உண்டு. திணித்தால் ஷார்ட் ஆகும். மென்மையாகச் செல்லாத கனெக்டரை அழுத்தாதீர்கள்.

வயர் இல்லாதபோது கடையில் ஐம்பது, நூறு ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் கொடுப்பார்கள். ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டரை 6 பின்னாகவோ 8 பின்னாகவோ மாற்றித் தரும் வயர்தான் இவற்றில் மிக ஆபத்தானது. சாட்டா மின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று சிறு பின்கள், ஒவ்வொன்றுக்கும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். 75 வாட் வரை இழுக்க உரிமையுள்ள 6 பின்னை அதன் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை நான் கழற்றிய கனெக்டர்களில் பார்த்திருக்கிறேன்: மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் இளகிக் குழிந்து, உள்ளே உள்ள தகடு பழுப்பேறி, இரண்டு பாதிகளும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். கார்டுக்கான வயரே இல்லாத எஸ்எம்பிஎஸ், பெரும்பாலும் அந்தக் கார்டுக்கான பலமும் இல்லாத எஸ்எம்பிஎஸ்தான். கன்வெர்ட்டரை வாங்காமல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

கழற்றி மாட்டும் வயர்கள் கொண்ட மாடுலர் எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள், நண்பரிடம் உபரியாக இருக்கும் வேறு மாடலின் வயரை வாங்கி மாட்டக் கூடாது. கார்டுப் பக்கம் பின் வரிசை ஒன்றாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்து வரிசைக்குப் பொது வரையறை கிடையாது. சரியாகப் பொருந்திக்கொண்டே தவறான வோல்ட்டேஜை அனுப்பி ஹார்ட் டிஸ்க்கையோ கார்டையோ எரித்துவிடும்.

இரண்டு 8 பின் கேட்கும் கார்டு என்றால், ஒரே வயரின் நுனியில் தொங்கும் இரண்டு தலைகளையும் மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனி வயர்களை எடுத்து மாட்டுங்கள். புதிய 16 பின் கனெக்டர் உள்ள கார்டுகளில், இடைவெளி தெரியாத அளவுக்கு முழுவதும் உள்ளே சென்றிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது கட்டாயம். கனெக்டரை ஒட்டியே வயரை மடிக்கவும் கூடாது. அரைகுறையாக நுழைந்த கனெக்டரில் மின்சாரம் சில பின்களிலேயே குவிந்து உருகிவிடும்.

6. வயதையும் வெப்பத்தையும் கணக்கில் சேருங்கள்

லேபிளில் உள்ளது எஸ்எம்பிஎஸ் புதிதாக இருந்தபோதைய பலம். உள்ளே உள்ள எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் வெப்பத்தில் தேய்பவை. வெப்பநிலை 10 டிகிரி கூடும்போது அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும் என்பது மின்னணுவியலில் பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஓட்டு வீட்டிலோ மொட்டை மாடியை ஒட்டிய அறையிலோ ஓடும் கணினிக்கு இது பெரிய விஷயம். நல்ல தயாரிப்பாளர்கள் எத்தனை டிகிரி வெப்பத்தில் முழுப் பலமும் கிடைக்கும் என்று எழுதியிருப்பார்கள். 40 அல்லது 50 டிகிரி என்று இருந்தால் நம் ஊருக்கு ஏற்றது.

மின்விசிறித் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கபாசிட்டர் தலை உப்பியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, விசிறி தடுமாறிச் சுழன்றாலோ, மேலே போட்ட கணக்கெல்லாம் செல்லாது. கேபினெட்டோடு வந்த விலை மலிவான எஸ்எம்பிஎஸ் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் எந்தக் கார்டுக்கும் அதை நம்ப மாட்டேன்.

பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, விசிறி சுற்றுகிறது, ஆகவே எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று சர்வீஸ் செய்பவர்கள் சொல்வதுண்டு. அது உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். சுமை இல்லாதபோது ஓடிய எஸ்எம்பிஎஸ் 300 வாட் சுமையையும் தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது.

7. வீட்டு மின்சாரம், எர்த், யுபிஎஸ்

பழைய எஸ்எம்பிஎஸ்களின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் வெடிக்கும்.

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதென்றால் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கபாசிட்டர்கள் எர்த் வழியாகக் கசிய விட வேண்டிய சிறு மின்சாரம் தகட்டில் நின்றுவிடுகிறது. பழைய வீடுகளில் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டுவதுதான் வழக்கமான காரணம். புதிய கார்டைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து இதைச் சரிசெய்துவிடுங்கள்.

பலரிடம் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் 360 வாட் வரைதான் தாங்கும். கணினிக்குள் 292 வாட் செல்லும்போது, எஸ்எம்பிஎஸ் 85 விழுக்காடு திறனுள்ளது என்றால் சுவரிலிருந்து 344 வாட் இழுக்கும். மானிட்டரையும் அதிலேயே மாட்டினால் வரம்பு தாண்டிவிடும். மின்சாரம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கூச்சலிட்டு அணையும். பழி எஸ்எம்பிஎஸ் மீது விழும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்களும் கவனிக்க வேண்டும்: ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரத்தைச் சீராக இழுக்க உதவும் சுற்று) உள்ள புதிய எஸ்எம்பிஎஸ்கள் சில அதில் இரைச்சல் போடும், சில அணைந்துவிடும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தொல்லையில்லை.

8. மாற்ற வேண்டும் என்றால்

நான்காம் படியில் வந்த கூட்டுத்தொகையை 0.7ஆல் வகுங்கள், அந்த அளவு 12 வோல்ட்டில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். 347ஐ வகுத்தால் 496. நேர்மையான 550 வாட் போதும். பின்னால் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 650 வாங்குவதில் தவறில்லை. ஆனால் தேவையற்ற 850க்குச் செலவிடுவதைவிட அந்தப் பணத்தைத் தரத்திலும் உத்தரவாத ஆண்டுகளிலும் போடுவது நல்லது.

காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கப் போகிறவர்கள், கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான நீளத்தையும், கார்டுக்கான நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு செல்லுங்கள். பெட்டியைக் கடையிலேயே திறந்து 12 வோல்ட் கட்டத்தைப் படித்துவிட்டு, சீரியல் எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள். பழுதானால் மாற்றித் தர அந்தப் பில்லைத்தான் கேட்பார்கள்.

உடனே மாற்றப் பணமில்லை, கணக்கு 75, 80 விழுக்காட்டில் நிற்கிறது என்றால், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 80 விழுக்காடாகக் குறைத்து ஓட்டலாம். வேகம் சிறிதே குறையும். இது தரமான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் சொல்வது. 192 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை இது காப்பாற்றாது.

9. பொருத்திய பிறகு சோதித்துப் பாருங்கள்

டெஸ்க்டாப் திறந்து வீடியோ ஓடுகிறது என்பதால் முடிந்துவிட்டது என்று கேபினெட்டை மூடிவிடாதீர்கள். அப்போது கார்டு தன் அளவில் சிறு பங்கைத்தான் எடுக்கிறது. ஓசிசிடி மென்பொருளில் பிராசசரையும் கார்டையும் ஒன்றாகச் சுமையேற்றும் சோதனையை அரை மணி நேரம், முடிந்தால் பிற்பகல் வெயிலில், ஓட்டுங்கள். அருகிலேயே இருங்கள், வாடை வந்தால் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும்.

சோதனை ஓடும்போது, காலியாக இருக்கும் நான்கு பின் மோலக்ஸ் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை வரையறைக்குள் அடங்கும். சுமையில்லாதபோது 12.1 இருந்து, சுமை ஏறியதும் 11.5க்கு இறங்கினால், வரம்புக்குள் இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் திணறுகிறது என்றே கொள்ளுங்கள். மென்பொருள் திரையில் காட்டும் 12 வோல்ட் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். மதர்போர்டின் அளவி பல நேரங்களில் பிசகும்.

கணினி அணைந்தால் எப்படி அணைந்தது என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே கணத்தில் நின்று, பின்புறச் சுவிட்சை அணைத்துப் போடும்வரை பவர் பட்டனுக்கு அசையவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று வேலை செய்திருக்கிறது. திரை மட்டும் கறுத்து விசிறிகள் ஓடிக்கொண்டே இருந்தால் முதலில் கார்டின் கனெக்டரையும் டிரைவரையும் பாருங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருப்பதை எஸ்எம்பிஎஸ் பழுதுக்குச் சான்றாகச் சிலர் காட்டுவார்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

அரை மணி நேரம் தாங்கிய பிறகு, கணினியை அணைத்துப் பிளக்கை உருவிவிட்டு, கார்டின் கனெக்டரையும் அதன் வயர்களையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், விரலை வைக்க முடியாத சூடு இருந்தால் கனெக்டரைக் கழற்றி மறுபடி முழுவதும் அழுத்திப் பொருத்தி, இதே சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போதும் சூடு குறையாவிட்டால் அந்த வயரை மேற்கொண்டு பயன்படுத்தாமல், உத்தரவாதத்தில் எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்தே மாற்றிக் கேளுங்கள்.